ஒருவருக்கு இரண்டு திரை எதற்கு?

மாணவர்களின் மேசை விளக்கைப் பற்றிச் சென்ற கிழமை இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த வாசகர் சிலர், வீட்டுக் கணினிக்கு இரண்டாவது திரை ஒன்று வாங்கி இணைப்பது தக்கதா, அல்லது வீண் செலவா என்று கேட்டிருக்கிறார்கள். இதே கேள்வி மூன்று மாதங்களுக்கு முன் என் வீட்டு வாசலுக்கே வந்தது. அந்த வரலாற்றைச் சொல்வதே இவர்களுக்கு நான் கூறக்கூடிய சிறந்த மறுமொழியாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேளையில், என் பழைய மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் வந்தாள். கொஸ்லந்தையை அடுத்த தோட்டமொன்றில் நெடுங்காலம் உழைத்தவர் அவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே வழக்கை எடுத்துரைத்தார்.

“மாஸ்டர், இவ ஒரு ஆளு. இவளுக்குப் பொட்டி ரெண்டு வேணுமாம். ஏற்கனவே ஒண்ணு இருக்கு. ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு பொட்டியப் பாக்க முடியுமா? நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.”

பொட்டி என்று அவர் குறிப்பிட்டது கணினித் திரையை. அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டுமெனப் பல்லாண்டு கேட்டு, 2021ஆம் ஆண்டிலேதான் அது சட்டப்படி நிர்ணயமாகக் கண்டவர்கள் நம்மவர்கள். ஒரு பழைய திரையின் விலையை அவர் ரூபாவிலே எண்ணவில்லை. எத்தனை ‘பெயர்’ போட்ட உழைப்பு என்றே எண்ணினார். அப்படி எண்ணுபவரிடம், எல்லோரும் வாங்குகிறார்கள், நீங்களும் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலின் மகளை அழைத்து, அவளுடைய தொழிலைப் பற்றி விசாரித்தேன்.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவிலே தேறியவள் அவள். கொழும்பிலுள்ள ஒரு கந்தோருக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பதியும் வேலையைச் செய்து வந்தாள். கடைக்காரர்களின் பற்றுச்சீட்டுகள் படங்களாக இணையத்தில் வந்து சேரும். அவற்றிலுள்ள திகதி, இலக்கம், தொகை ஆகியவற்றைக் கணக்கு அட்டவணையிலே பதியவேண்டும். அவளிடமிருந்ததோ சிறிய மடிக்கணினி. அதன் திரையில் சீட்டைத் திறந்தால் அட்டவணை மறைந்துவிடும். அட்டவணையைத் திறந்தால் சீட்டு மறைந்துவிடும். தொகையை ஒரு பக்கத்திலே பார்த்து, மனத்திலே தூக்கிக்கொண்டு, மறு பக்கத்திற்கு ஓடி அங்கே இறக்கி வைப்பதே அவளுடைய நாள் முழுவதற்குமான வேலையாயிற்று.

சீட்டிலே 48,760 ரூபா. அவள் பதிந்ததோ 47,860. இத்தகைய பிழைகள் ஒரே மாதத்தில் பல நேர்ந்தன. இன்னொரு மாதம் இப்படியே சென்றால் வேறு ஆள் பார்க்க நேரிடும் என்று கந்தோரிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. இந்த வேலை போய்விட்டால், நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் சென்றதைப் போல, அவளும் கொழும்புக்குச் சென்று ஏதேனும் ஒரு கடையில் நிற்கவேண்டியதுதான். தாயாரோ ஓராண்டாக நோயினால் நடமாட்டங் குறைந்து வீட்டிலிருப்பவர். மகள் போய்விட்டால் அவருக்கு ஒரு வாய் வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் பகலில் ஆளில்லை. தந்தையும் மகளும் வழக்காடியது ஒரு பெட்டியைப் பற்றியதாகத் தோன்றினாலும், அதன் உள்ளே கிடந்தது இதுவே.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கலாம். 48,760இலிருந்து 47,860ஐக் கழித்தால் 900 வரும். அஃது ஒன்பதால் மீதியின்றி வகுபடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் உண்டாகும் வித்தியாசம் எப்பொழுதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். 52ஐ 25 என்று எழுதினால் வித்தியாசம் 27. 81ஐ 18 என்று எழுதினால் 63. கூட்டுத்தொகை ஒத்துவராதபோது, வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது கணக்கெழுதுவோரின் பழைய வழக்கம். மீதியின்றி வகுபட்டால், எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று ஐயுற்றுத் தேடுவர். இப்பிழை அறியாமையால் வருவதன்று. மனம் ஒரு தொகையைச் சுமந்து செல்லும் வழியிலே அது குலுங்கிப் போவதால் வருவது.

மனத்தின் கை சிறியது என்பதை உளநூலார் ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்ஜ் மில்லர் என்பார் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், உடனடி நினைவிலே ஒருவர் ஏறக்குறைய ஏழு பொருள்களையே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். 2001ஆம் ஆண்டில் நெல்சன் கோவன் என்பார் அந்த எண்ணை ஏறத்தாழ நான்காகக் குறைத்தார். ஐந்திலக்கத் தொகையொன்றையும் அதன் திகதியையும் சீட்டு இலக்கத்தையும் ஒன்றாகத் தூக்கிச் செல்ல முயல்பவர் இடையிலே ஒன்றைத் தவறவிடுவது வியப்பன்று. அந்தச் சுமையை மனத்தின் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்துவிடுவதே இரண்டாவது திரை செய்யும் உபகாரம். சீட்டும் அட்டவணையும் அருகருகே கிடந்தால், கண் அங்கும் இங்கும் ஒரு கணத்திலே சென்று மீளும். நினைவுக்கு வேலையில்லை.

இது புதிய கண்டுபிடிப்புமன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக விளங்கியவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் கலித்தொகையை அச்சிற் கொணர்ந்தது 1887ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார். இப்பெரியோர் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். ஒரே நூலுக்கு ஊரூராகத் தேடிப் பெற்ற ஏட்டுச் சுவடிகள் பல. ஒன்றில் ஒரு பாடம். மற்றொன்றில் வேறொரு பாடம். சுவடிகளைப் பக்கத்திலே பக்கத்திலே வைத்து ஒப்பிட்டாலன்றி உண்மைப் பாடம் புலப்படாது. மின்சாரமில்லாத காலத்தில் அவர்கள் முன் விரிந்து கிடந்த அச்சுவடிகளே அவர்களுக்கு இரண்டாந் திரையும் மூன்றாந் திரையுமாகும்.

கணினியிலும் இந்த வசதி நெடுநாளாக உள்ளது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணினியிலேயே எழுத்துக்கு ஒரு திரையும் வண்ணப் படத்துக்கு ஒரு திரையுமாக இரண்டை ஒருங்கே இணைக்கலாம். 1987ஆம் ஆண்டில் வந்த மெக்கின்டோஷ் இரண்டாவது மாதிரி, பல திரைகளை ஒரே பரப்பாக விரிக்க இடந்தந்தது. 1998ஆம் ஆண்டின் விண்டோஸ் 98 வீட்டுக் கணினிகளுக்கும் அதனைக் கொணர்ந்து, ஒன்பது திரைகள் வரை அனுமதித்தது. அன்று அதற்கெனத் தனி அட்டை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. இன்றோ பெரும்பாலான மடிக்கணினிகளின் ஓரத்திலுள்ள ஒரு துளையும் ஒரு வடமும் போதும்.

என் வீட்டு அறையிலே, பாவனையின்றி ஒரு பழைய பத்தொன்பது அங்குலத் திரை தூசி படிந்து கிடந்தது. “ஒரு மாதத்துக்கு இதைக் கொண்டு போங்கள். பிழை குறைந்தால் பண்டாரவளையிலே பழைய திரை ஒன்று பார்ப்போம். குறையாவிட்டால் திருப்பிக் கொண்டு வாருங்கள்; செலவில்லை” என்றேன். தந்தையார் அதற்கு இசைந்தார்.

அத்திரையை இணைத்தபோது நாங்கள் கற்ற சிலவற்றை வாசகர்களுக்கும் கூறிவிடுகிறேன். முதலாவது, துளைகளைப் பாருங்கள். பழைய திரைகளில் நீல நிறமுள்ள பதினைந்து ஊசித் துளைகொண்ட வி.ஜி.ஏ. இணைப்பே இருக்கும். புதிய மடிக்கணினியிலோ எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான துளை இருக்கும். இவ்விரண்டும் வெவ்வேறு முறையிலே படத்தை அனுப்புவன. ஆகையால் இடையிலே ஒரு மாற்றி வேண்டும். அந்த மாற்றி ஒருவழிப் பாதை போன்றது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றுவதைக் கேட்டு வாங்கவேண்டும். மறுதலையானதை வாங்கினால் திரை இருண்டே கிடக்கும். ‘சி’ வகை யூ.எஸ்.பி. துளைகள் எல்லாவற்றிலும் படம் வருமென்று எண்ணவும் வேண்டாம். சில மின்னேற்றத்துக்கும் தரவுக்கும் மாத்திரமே உரியவை.

இரண்டாவது, அமைப்பு. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ‘பி’ எழுத்தைத் தட்டினால் நான்கு தெரிவுகள் தோன்றும். ‘டூப்ளிகேட்’ என்பது இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டும். ‘எக்ஸ்டெண்ட்’ என்பது இரண்டையும் சேர்த்து ஒரே பரப்பாக விரிக்கும். நமக்கு வேண்டியது பின்னையதே. இதிலே கவனக்குறைவு ஆகாது. முன்பு ஒரு பாடசாலையில் வகுப்பு நடத்தியபோது, வினாக்கள் சுவரிலும் விடைகள் என் மடிக்கணினியிலும் தெரிவதாக எண்ணிக்கொண்டு அரைமணி நேரம் மும்முரமாகக் கேள்வி கேட்டேன். பிள்ளைகள் அனைவரும் சரியாக விடை கூறினர். அவர்களின் திறமையைக் கண்டு உள்ளம் பூரித்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தபோதுதான், விடைகளும் அங்கே ஒளிர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது.

மூன்றாவது, வைக்கும் முறை. கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தளவு இடத்தையே நம் கண் மிகக் கூர்மையாகக் காணும், மற்றவை மங்கலே. எனவே இரண்டு திரையையும் ஒருசேரப் படிப்பவர் உலகில் எவருமில்லை. கண் மாறி மாறித்தான் செல்லவேண்டும். அப்பயணம் குறுகியதாக இருக்க, இரண்டையும் ஒட்டி வைத்து, விரித்த புத்தகம்போல் உட்புறமாகச் சற்றே சாய்க்கவேண்டும். மிகுதியாகப் பார்க்கும் திரை நேர் முன்னே இருக்கட்டும். அதனைப் பக்கத்தில் வைத்தால் மாலையில் கழுத்து நோவும். தூரம் ஒரு கை நீளம். கொழுந்தெடுப்போர் தேயிலைமேல் மட்டக்கம்பு வைப்பதைப் போல, இரண்டு திரையின் மேல் விளிம்பையும் ஒரே மட்டமாக்கிக் கண்ணுக்கு நேராகவோ சிறிது தாழ்வாகவோ நிறுத்துங்கள். மடிக்கணினியைச் சில புத்தகங்களின்மேல் ஏற்றினால் மட்டம் வரும். அவ்வாறு ஏற்றினால் தனி விசைப்பலகை ஒன்று வேண்டும். சன்னல் திரைக்கு நேர் எதிரேயும் நேர் பின்னேயும் இல்லாமல் பக்கவாட்டில் இருப்பது நன்று. இருபது நிமிடத்துக்கொருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்கவேண்டுமென்று கண் வைத்தியர்கள் கூறுவர். கொஸ்லந்தையில் இருப்பவருக்கு அதிலே என்ன கஷ்டம்? தலையை நிமிர்த்தினால் மலைதான்.

மின்கட்டணம் பற்றியும் தந்தையார் கேட்டார். இக்காலத்து நடுத்தரத் திரை ஏறக்குறைய 25 வாற்று மின்சாரம் கொள்ளும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், மாதத்தில் இருபத்தைந்து நாள் என்று பெருக்கினால், மூன்று அலகுக்குச் சற்று மேல். முற்காலத்துக் குழாய்த் திரையோ இதுபோல மூன்று நான்கு மடங்கு தின்றுவிடும். அதனை ஒருவர் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழை தொடங்கும்போது, மின்செருகிகளை மட்டுமன்றி, இரண்டையும் இணைக்கும் வடத்தையும் கழற்றிவிடுங்கள். வீட்டுத் தொலைக்காட்சியையே இரண்டாந் திரையாக்கலாமா என்பாருமுளர். படம் பார்க்க அது போதும். ஆனால் கை நீள தூரத்தில் அமர்ந்து சிற்றெழுத்தை நாள் முழுவதும் படிக்க அது ஏற்றதன்று.

முதல் மாதம் முடிந்தது. பிழை ஒன்றே ஒன்று வந்ததென்று மாணவி மகிழ்ச்சியுடன் கூறினாள். இரண்டாம் மாதத்திலோ பிழைகள் மறுபடியும் தலைதூக்கின. காரணம் அறியச் சென்று பார்த்தேன். இடப்புறத் திரையிலே கணக்கு. வலப்புறத் திரையிலே கிரிக்கெட் பந்தயம். தம்பி திறந்து வைத்தானாம்; தமக்கையும் மூடச் சொல்லவில்லையாம். இங்கேதான் தந்தையாரின் முதற் கேள்விக்குரிய உண்மை வெளிப்பட்டது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பார்க்க முடியாது. இரண்டு கையாலும் கொழுந்தெடுக்கும் பெண்ணைப் பாருங்கள். கை இரண்டாயினும் அவள் கண் ஒரே வாதில்தான் நிற்கிறது. இரண்டு கையும் ஒரே கூடைக்குத்தான் போடுகின்றன. இரண்டு திரையும் ஒரே வேலைக்குரியனவாக இருந்தால் இரண்டாவது சாட்சியாகும். வேறு வேலைக்குரியதானால் அது பகையாகும். வலப்புறத் திரையில் சீட்டைத் தவிர வேறெதுவும் திறப்பதில்லை என்று அவள் அன்றே ஒரு விதி செய்துகொண்டாள். மூன்றாம் மாதத்திலே பிழையில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டுப் பெற்றோரிடம் இரண்டாந் திரை கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒரு கைத்தொலைபேசியை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மாறி மாறி வைத்துக்கொண்டு, சமிக்ஞை தேடி மேடேறிப் படித்ததை நாம் மறந்துவிடவில்லை. உங்களுக்கு வேண்டியது ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமே. கடந்த ஆண்டு வினாத்தாள் திரையில் இருக்கட்டும். உங்கள் விடை பக்கத்திலே அப்பியாசக் கொப்பியில் இருக்கட்டும். அந்தக் கொப்பியே இரண்டாந் திரை. அதற்கு மின்சாரமும் வேண்டாம், வடமும் வேண்டாம். அதில் பந்தயமும் வராது. ஒரே திரையுள்ளவர்கள் விண்டோஸ் விசையுடன் இட அம்பையும் வல அம்பையும் தட்டி, திரையை இரு பாதியாக்கியும் பார்க்கலாம். இவையெல்லாம் போதாமல், நாள்தோறும் ஒப்பிடும் தொழில் செய்பவருக்கே தனித் திரை உரியது. கணக்குப் பதிபவர், மொழிபெயர்ப்பவர், அச்சுப்படி திருத்துபவர் ஆகியோர் அத்தகையோர்.

பண்டாரவளைக்குச் சென்று திரை வாங்கி வந்த அன்று, அதைப் பொருத்திக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவரிலே ஒரு நாட்காட்டி தொங்கியது. ஒவ்வொரு திகதியிலும் பென்சிற் கோடு. சில நாளில் முழுக்கோடு. சில நாளில் அரைக்கோடு. என்னவென்று கேட்டேன்.

“அதுவா மாஸ்டர், பேரு போட்ட நாளு. அவ அம்மா வேலைக்குப் போன காலத்துலேருந்து பழக்கம். சம்பளத்தன்னிக்குச் சீட்டக் கொண்டாந்து இதுக்குப் பக்கத்துல புடிச்சு ஒண்ணொண்ணாப் பாப்போம். ஒரு தடவ ரெண்டு நாளு கொறஞ்சிருந்துச்சு. இது இல்லேன்னா யாரு நம்புவாங்க? காட்டினோம், குடுத்துட்டாங்க.”

சொல்லிவிட்டு அவர் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு மேசைமேலிருந்த இரண்டு திரைகளையும் பார்த்தார். “இதுவும் அது மாதிரித்தானா?” என்று மெல்லக் கேட்டார்.

“அது மாதிரியேதான்” என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி தேநீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டுமென்று குரல் கொடுத்தார். மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

வாசகர்களே, இரண்டாந் திரை வாங்குமுன் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எதனை எதனோடு ஒப்பிடப் போகிறேன்? அதற்கு உடனே விடை வருமானால் துணிந்து வாங்கலாம். விடை வராவிட்டால், அந்தப் பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.